கண்ணைக் கட்டித் திறக்கும் பெட்டி

அத்தியாயம் 7

“எங்க சாமிய ஓடுகாலிங்கறீங்களா? எங்க ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டே சொல்றீங்களா?”

“ஓடுகாலின்னு நான் சொல்லலைங்க. கப்பல் ஏறினாங்கன்னுதான் சொன்னேன்,” என்றார் துப்பறிவாளர் தீர்த்தகிரி.

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“டிக்கெட்டுங்க,” என்றாள் அனிதா.

தீர்த்தகிரி திரும்பித் தன் உதவியாளரை ஒரு பார்வை பார்த்தார். அனிதா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடினால் அதிகபட்சம் இரண்டு நிமிஷம் தாங்கும்.

மாதேஸ்வரன் போட்ட சத்தத்தில் தொழுவத்து எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. நாமகிரிப்பேட்டையிலிருந்து மூன்று மைல் உள்ளே, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற வீடு அது. தனி வீடுதான், ஆனாலும் வேலியோரம் மூன்று பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த துணியையே எடுத்து எடுத்து மறுபடி காயப்போட்டார்கள். ஆடிப் பதினெட்டும் அதுவுமாக இப்படி ஒரு சண்டை யாருக்குக் கிடைக்கும்?

சண்டைக்குக் காரணம் மாதேஸ்வரனின் ஒரே மகள் தீபிகா. இருபத்தேழு வயது, ராசிபுரத்தில் கல்லூரி நூலகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் இளஞ்செழியன் அவளைப் பெண் கேட்டு வந்தான். பையன் எப்படி என்று விசாரிக்க மாதேஸ்வரன் பிடித்த ஆள் இதே தீர்த்தகிரிதான். ரயில்வேயில் முப்பது வருஷம், காணாமல் போன சாமான்கள் பிரிவு. ஓய்வுக்குப் பிறகு சூரமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் மாப்பிள்ளை விசாரணை. சேலம் ஜில்லா மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் ரகசியம் அவருக்குத் தெரியும். மீதிப் பாதி அனிதாவுக்குத் தெரியும். இளஞ்செழியனைப் பற்றி இருவரும் பத்து நாள் அலைந்து கண்டுபிடித்த ஒரே குற்றம், டீயில் விழுந்த பிஸ்கட்டை ஸ்பூனால் தோண்டித் தின்கிறான் என்பது.

ஆனால் ஈரோடு காவிரிக்கு அந்தப் பக்கம். அங்கேதான் வந்தது வினை. அந்த வீட்டுப் பெண்ணைத் தண்ணீர் தாண்டிக் கொடுக்கக் கூடாது. ஆறானாலும் சரி, கடலானாலும் சரி. அது வீட்டுச்சாமி பாவாயியின் கட்டளை. பாவாயி மாதேஸ்வரனுடைய பூட்டன் சென்னியப்பனின் மூத்த மகள். கல்யாணமாகாமலே வீட்டுக் கிணற்றில் விழுந்து போனவள். உடம்பு கிடைக்கவில்லை, சாமியாக மறைந்துவிட்டாள் என்று உள்ளறையில் ஒரு மரப்பெட்டி வைத்துக் கும்பிடுகிறார்கள். வருஷம் ஒருமுறை, ஆடிப் பதினெட்டில், பெட்டியைத் திறந்து புதுச்சேலை வைப்பார்கள். பிறகு மூடிமேல் பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

ஈரோட்டுச் சம்பந்தத்துக்கு இரண்டு வருஷமும் பூ இடப்பக்கம் விழுந்தது. இன்று மூன்றாவது வருஷம். மூன்று முறை சாமி மறுத்ததை அந்த வீட்டில் மறுபடி பேச முடியாது. மேச்சேரியில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஈஸ்வர் என்பவனை மாதேஸ்வரன் ஏற்கெனவே பார்த்தும் வைத்துவிட்டார். மூன்று மணிக்குப் பூ. இப்போது மணி இரண்டு.

தீபிகா சும்மா இருக்கவில்லை. தன் கல்யாணத்தைத் தடுக்கிற இந்தப் பாவாயி யார் என்று ராத்திரி பகலாகத் தேடினாள். தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், ஆளுக்கொரு துண்டுப் பதிவேட்டைப் படமெடுத்துப் போட்டு ஒருவருக்கொருவர் ஊர் தேடிக் கொடுக்கும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கோகிலம் என்ற ஓய்வுபெற்ற டீச்சர் போட்டிருந்த ஒரு படத்தைப் பார்த்து, கையிலிருந்த போனைத் தவறவிட்டாள். பாவாயி, வயது பதினேழு, தகப்பன் சென்னியப்பன், சேலம் ஜில்லா, இதே ஊர். கப்பல் ஏறியது 1902 டிசம்பர். அப்பா பிடித்த அதே தீர்த்தகிரியிடம் நேராகப் போய் நின்றாள்.

அந்தக் கோகிலம் இப்போது புளிய மரத்தடியில், வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கூப்பிடும்வரை இறங்க வேண்டாம் என்று தீர்த்தகிரி சொல்லியிருந்தார். மடியில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய காகிதம். அது டர்பன் வீட்டுச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. கோகிலத்தின் ஆயாவுக்கு ஆயா, அதாவது பதிவேட்டுப் பாவாயி, சாகிறவரை வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குங்குமம் வைத்தாளாம். அவளுக்குப் பின் வந்தவர்களும் வைத்தார்கள். யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மந்திரம் என்று நினைத்தார்கள்.

இன்று காலை சூரமங்கலம் ஆபீசில் அனிதாதான் பஞ்சால் ஒற்றி ஒற்றி அந்தக் குங்குமத்தை எடுத்தாள். நான்கு வரி தெரிவதற்குள் தீர்த்தகிரி வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் போய்ப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதத்தை மறுபடி சட்டத்துக்குள் வைத்துவிட்டார்.

“என்ன சார் இருக்கு அதுல?”

“அதை நாம படிச்சுச் சொல்லக் கூடாது. அந்த வீட்டு ஆளுங்க படிக்கணும்.”

அப்போதிருந்து அனிதாவுக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது.

“சேலம் ஜில்லாவுல பாவாயின்னு கூப்பிட்டா ஊருக்கு நாலு பேர் திரும்புவாங்க,” மாதேஸ்வரன் விடுவதாயில்லை. “சென்னியப்பனும் அப்படித்தான். பேரு ஒத்துப்போச்சுன்னா எங்க சாமி ஆயிருமா?”

“முகவாயில மூணு பச்சைப்புள்ளின்னு பதிவேட்டுல அடையாளம் போட்டிருக்குங்க,” என்றாள் அனிதா. “உங்க பெட்டி மூடியிலயும் மையில மூணு புள்ளி வெச்சிருக்கீங்க. இப்பத்தான் உள்ள பார்த்தேன்.”

“அந்தக் காலத்துல பச்சை குத்தாத பொம்பளை யாரு அம்மணி? எங்க அப்பாரு ஊட்டுல எருமைக்கே குத்தியிருந்தாங்க!”

வேலியோரம் ஒருத்தி சிரித்துவிட்டு இருமலாக மாற்றினாள். தீர்த்தகிரி அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். “வெயிலுங்க. கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?” என்றார்.

எதிரியானாலும் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. மாதேஸ்வரனின் மனைவி மயிலம்மாள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பத்து மூன்று வயது, மெலிந்த உடம்பு, யார் முகத்தையும் பார்க்காமல் பேசுகிறவள். தீர்த்தகிரி அண்ணாந்து குடித்தார்.

“தேனாட்டம் இருக்குதுங்க. எந்தக் கிணறு?”

“இதாங்க,” மாதேஸ்வரனுக்குக் கோபத்திலும் பெருமை போகவில்லை. “எங்க பூட்டன் சென்னியப்பன் வெட்டுனது. அதுக்கு முன்னாடி இந்தக் காட்டுல கெணறே கெடையாது. ஓடையில ஊத்துத் தோண்டித்தான் தண்ணி. இன்னிக்கு வரைக்கும் குடிக்கறதுக்கு இந்தத் தண்ணிதானுங்க.”

“சாமி விழுந்தது?”

“இதே கெணத்துலதான்.”

தீர்த்தகிரி செம்பை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். அனிதா அந்தச் செம்பையே பார்த்தாள். பெண் விழுந்து, உடம்பும் கிடைக்காத கிணற்றுத் தண்ணீரை ஒரு வீடு நூறு வருஷமாகக் குடிக்குமா? ஒரு பூனை விழுந்தாலே ஊர் மோட்டார் போட்டு மூன்று தரம் இறைக்கும்.

“ஒரு தடவைகூடத் தூர் வாரலீங்களா? மூடலீங்களா?”

“எதுக்குங்க? சாமி இருக்கற தண்ணி.”

“அது சரி,” என்றார் தீர்த்தகிரி. பிறகு அனிதா பக்கம் குனிந்து, “பயமில்லாமக் குடிச்சிருக்காங்க. யாரோ ஒருத்தருக்கு அதுல யாரும் விழலைன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. கிணத்துக்கு என்ன வயசுன்னு பாரு,” என்றார்.

கிணற்றுக்கு வயது பார்க்க எந்தப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது? அனிதா கிணற்றடிக்குப் போனாள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் அடித்தது, அப்பளம் போல அடுக்கடுக்காக இருந்தது. அவள் சுற்றி வரும்போது மேலே இரும்பு உருளை ஒரு சுற்றுச் சுற்றியது. கிறீச் என்று. கயிறும் இல்லை, காற்றும் இல்லை.

“பயப்படாதீங்க கண்ணு.” பின்னால் மயிலம்மாள் நின்றிருந்தாள். “அது அப்படித்தான். மத்தியானத்துல தானாச் சுத்தும். நான் வாக்கப்பட்டு வந்த நாளா.”

“கிரீஸ் போடலாமேக்கா?”

“போட்டாச்சு. அப்புறம் சத்தமில்லாமச் சுத்துச்சு. அது இன்னும் பயமா இருந்துச்சு.”

சிரிக்கலாமா என்று அனிதா பார்த்தாள். மயிலம்மாள் சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்தபடியே, யாருக்கோ சொல்கிற மாதிரி பேசினாள். “பொட்டியத் தொறக்கறது மூத்த மருமகதான் கண்ணு. கண்ணுல மஞ்சத் துணி கட்டிக்கோணும். அறைக்குள்ள வேற ஆளு இருக்கக் கூடாது. தொறந்து, மேல இருக்கற சீலைய எடுத்துட்டுப் புதுசு வெக்கோணும். அடிக்குக் கை போகப்படாது. முப்பத்தோரு வருசமா வெக்கறேன். ஒவ்வொரு தடவையும் என்ற பின்னால யாரோ நிக்கறாங்க.”

“பார்த்தீங்களா?”

“கண்ணத்தான் கட்டியிருக்குதே. வாசனை வரும். கரும்புப்பால் கொதிக்கற வாசனை.” நிறுத்தினாள். “நாங்க கரும்பு போட்டதே இல்ல. இந்தச் சுத்துல ஆலையும் இல்ல.”

அனிதா கையிலிருந்த சாவியால் சும்மா சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பட்டையாக ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கல். கல்லில் எழுத்து.

“சார்!”

தீர்த்தகிரி வந்தார், தீபிகா வந்தாள், மாதேஸ்வரன் வராதது போல வந்தார். செம்பில் தண்ணீர் மொண்டு கழுவினார்கள். பராபவ வருஷம் ஆவணி மாதம், சென்னியப்பன் வெட்டிவித்த கிணறு.

“மயிலம்மா, பெட்டியைத் திறக்கறப்போ ஏதாவது சொல்லிக் கும்பிடுவீங்களா?” தீர்த்தகிரி கேட்டார்.

“ஆமாங்க. பூட்டன் கட்டி வெச்சதுங்க. ‘சுபகிருது வருசம் படி தாண்டிப் போன கண்ணே, கெணத்துத் தண்ணியில குளுந்திருக்கும் கன்னித்தாயே’ன்னு ஆரம்பிக்கும்.”

“அனிதா, போனை எடு. சுபகிருது எந்த வருஷம்?”

தேடினாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு.” குரல் தானாகத் தாழ்ந்தது. பதிவேட்டு வருஷம்.

“பராபவ?”

“ஆறு.”

“ரெண்டுல படி தாண்டினவங்க, ஆறுல வெட்டின கிணத்துல விழுந்திருக்காங்க,” என்றார் தீர்த்தகிரி.

“நாலு வருஷம் வரிசையில நின்னிருப்பாங்க,” என்றாள் அனிதா. யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

“வேற கெணறா இருக்கும்...” என்று ஆரம்பித்த மாதேஸ்வரன் பாதியில் நிறுத்தினார். இதற்கு முன்னால் இந்தக் காட்டில் கிணறே கிடையாது என்று அரை மணிக்கு முன்னால் சொன்னது அவர் வாய்தான். வேலியோரத்து மூன்று சாட்சிகளும் துணியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

“காணாமப் போன சாமான்னு எதுவுமே கிடையாதுங்க,” தீர்த்தகிரி குரலை உயர்த்தாமல் சொன்னார். “முப்பது வருஷம் பார்த்திருக்கேன். தப்பான இடத்துல பதிவாகியிருக்கும், அவ்வளவுதான். உங்க பூட்டன் ஊருக்கு ஒரு சாவு சொல்லியிருக்கார். ஆனா மகள் போன வருஷத்தை மாத்திச் சொல்ல அவருக்கு மனசு வரலை. சரி, நாலு வருஷம் சும்மா இருந்தவருக்கு, கிணறு வெட்டின பிறகு திடீர்னு எதுக்கு ஒரு சாவு தேவைப்பட்டுச்சு? அங்கே தோட்டத்துல ஒப்பந்தக் கெடு எத்தனை வருஷம், தீபிகா?”

“அஞ்சு வருஷம் சார்.” தீபிகாவுக்கு அந்தக் குழுவில் படித்ததெல்லாம் மனப்பாடம். “1907இல் முடியும்.” சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “முடிஞ்சா திரும்பி வரலாம்.”

தீர்த்தகிரி புளிய மரத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

கார்க் கதவு திறந்தது. வெள்ளைத் தலை, கணுக்கால் வரை கவுன், நெற்றியில் குங்குமம், நெஞ்சோடு அணைத்த கண்ணாடிச் சட்டம். கோகிலம் வெயிலில் மெதுவாக நடந்து வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மாலை வகுப்பில் பேச மட்டும் பழகிய தமிழில், “வணக்கம். நான் உள்ளே வரலாமா?” என்று கேட்டார்.

எல்லாரும் ஒருமுறை அவரைப் பார்த்தார்கள். ஒருமுறை மாதேஸ்வரனைப் பார்த்தார்கள். அதே அகன்ற நெற்றி, அதே மேலேறிய இடப்புருவம். வேலியோரத்தில் ஒருத்தி சத்தமாகவே, “ஆத்தாடி!” என்றாள்.

“வாங்க சாமி,” என்றாள் மயிலம்மாள். அந்த வீட்டில் அவரை முதலில் வரவேற்றவள் அவள்தான்.

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றித் தீர்த்தகிரி காகிதத்தைத் தீபிகாவிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்.

“பாவாயிக்குத் தகப்பன் சென்னியப்பன் எழுதிக்கொண்டது. கெடு முடிந்தது, கப்பலேறி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வர வேண்டாம். மேச்சேரி அத்தை வீட்டில் இருக்கிறாய் என்று இத்தனை வருஷம் சொல்லிச் சமாளித்தேன். ஊர் நம்பவில்லை. உன் தங்கைமாரைக் கேட்டு யாரும் வரவில்லை. ஆகையால் நீ மேச்சேரியிலிருந்து திரும்பி வந்த அன்றே புதுக்கிணற்றில் விழுந்துபோனாய் என்று சொல்லிவிட்டேன். காரியமும் செய்தாயிற்று. உன் பேரில் பெட்டி வைத்து வருஷா வருஷம் சிவப்புச் சேலை எடுக்கிறதாக உத்தேசம். இப்போது இரண்டு பேருக்கும் சம்பந்தம் கூடியிருக்கிறது. நீ வந்தால் மூன்று பேரும் கெட்டீர்கள். இனி இந்த வீட்டில் ஒரு பெண்ணையும் தண்ணீர் தாண்ட விடமாட்டேன். அங்கேயே நன்றாயிரு.”

தீபிகா மெல்ல, எளிய வார்த்தைகளில் கோகிலத்துக்கு மறுபடி சொன்னாள். அவர் கண்ணாடிச் சட்டத்தின் வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையா?” என்றார். “வெள்ளிக்கிழமை... பூ வைத்து... நாங்கள் இதையா கும்பிட்டோம்?”

அனிதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பாவாயிக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். ‘நீ செத்துவிட்டாய்’ என்ற காகிதத்துக்கு அவளே குங்குமம் வைத்து, பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல், எத்தனை வெள்ளிக்கிழமைகளைக் கழித்திருக்கிறாள்!

“எழுதிக் கொண்டாந்திருப்பாங்க!” மாதேஸ்வரன் வெடித்தார். வெடித்ததில் பாதி மருந்துதான் இருந்தது. “இந்தக் காலத்துல என்ன வேணா பண்ணலாம். பழைய காயிதம், பழைய எழுத்து, எல்லாம் வெலைக்குக் கெடைக்குது. சிவப்புச் சீலைன்னு வேற எழுதியிருக்குது. இந்த ஊட்டுல சிவப்பு வெச்சதே கெடையாது! எங்க சாமிக்கு நீலம்தான். ஊருல கன்னிச்சாமிக்கெல்லாம் சிவப்பு, எங்களுக்கு மட்டும் நீலம். அது தெரியாமப் போலி பண்ணிட்டாங்க பாருங்க. மணி மூணு ஆகப்போகுது. மயிலா, துணியக் கட்டு. பூவைக் கேட்டுப்போடலாம்.”

தீர்த்தகிரியின் முகம் ஒரு கணம் தளர்ந்ததை அனிதா பார்த்தாள். நீலம். அவர் கணக்கில் நீலம் இல்லை. தீபிகா சுவரில் சாய்ந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றியது.

மயிலம்மாள் மஞ்சள் துணியைக் கையில் எடுத்தாள். உள்ளறை வாசல்வரை போனாள். அங்கே நின்று, துணியை நாலாக மடித்து, நிலைப்படிமேல் வைத்தாள்.

“என்ன பண்ற?”

“கண்ணத் தொறந்துக்கிட்டே தொறக்கறனுங்க.”

“மயிலா! சாமி குத்தம்!”

“அடியில காயிதம் இருக்குதுங்க,” என்றாள். முதல்முறையாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள். “வந்த மொத வருசமே என்ற விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு. சீலை மடிப்புக்கும் காயிதத்துக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை உண்டுங்களா? முப்பத்தோரு வருசமா யாருகிட்டயும் சொல்லல. கண்ண எதுக்குக் கட்டச் சொன்னாங்கன்னு இன்னிக்கித்தான் தெரியுது. சாமிக்காக இல்லீங்க. எழுத்துத் தெரிஞ்ச மருமக ஒருத்தி என்னைக்காவது வந்துருவான்னு.”

மூடி திறந்தது. போன வருஷச் சேலை, நீலம். அதன் அடியில் ஒரே ஒரு பழஞ்சேலை. கைப்பட்டால் உதிரும் நிலை, அதுவும் நீலம்தான். அதற்கும் அடியில் மூன்று காகிதங்கள், சாணித்தாள் நிறத்தில், மூலைகளில் அந்நிய ராஜா தலை போட்ட தபால் தலையோடு.

அறை வாசலில் நின்ற அனிதாவுக்கு அந்த வாசனை வந்தது. கரும்புப்பால் கொதித்துப் பாகாகப் போகும் சமயத்து வாசனை. அவள் தீர்த்தகிரியைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

மயிலம்மாள் மேலிருந்த கடிதத்தை மகளிடம் தரவில்லை, துப்பறிவாளரிடமும் தரவில்லை. மாதேஸ்வரன் கையில் வைத்தாள். “நீங்களே படிங்க. போலியான்னு பாருங்க.”

அவர் படித்தார். முதலில் வாய்க்குள். பிறகு, எல்லாரும் காத்திருப்பது தெரிந்து, சத்தமாக.

“அய்யனுக்குப் பாவாயி எழுதுவது. நான் செத்துப்போன சேதி கிடைத்தது.”

நிறுத்தினார். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

“தங்கச்சிகள் நன்றாக இருக்கட்டும். நான் வரவில்லை. கிணற்றைப் பாழாக்க வேண்டாம், எல்லாரும் அதிலேயே குடியுங்கள். எனக்கு வருஷா வருஷம் சேலை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு எடுக்க வேண்டாம். எனக்குச் சிவப்பு பிடிக்காது என்று மறந்துவிட்டீர்கள். நீலத்தில் எடுங்கள். இன்னொன்று. இனி ஒரு பெண்ணையும் தண்ணீர் தாண்ட விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதன்மேல் பழி போட வேண்டாம்.”

வெளியே உருளை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மாதேஸ்வரன் காகிதத்தை மடிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த உதிர்ந்த நீலத்தையே பார்த்தார். “பூட்டன் கேட்டிருக்கறாரு,” என்றார், யாரிடமும் இல்லாமல். “அவ சொன்ன மாதிரியே நீலம் எடுத்திருக்கறாரு. ஒண்ணை மட்டும் கேக்கல.”

“சாமி வாக்குங்க,” என்றார் தீர்த்தகிரி. “எழுத்துலயே இருக்கு.”

“பூ கேக்கணுமுங்களா?” தீபிகாவின் குரல் பாதிதான் வெளியே வந்தது.

“கேக்கறதுன்னா மேல சுத்தற ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்க,” என்றாள் அனிதா. அடக்கி வைத்திருந்த வாய் அதற்கு மேல் தாங்கவில்லை. “காத்து வலப்பக்கம் இருந்து அடிக்குது. வந்தப்பவே பார்த்தேன். ரெண்டு வருஷமா சாமி பேசலை, ஃபேன்தான் பேசியிருக்கு.”

மாதேஸ்வரன் அண்ணாந்து பார்த்தார். அந்த ஃபேன் மாட்டி இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அவர் தட்டிலிருந்த பூவை எடுத்தார். மூடிமேல் வைக்கவில்லை. கோகிலத்தின் கையில் கொடுத்தார். “நீங்க வெய்யுங்க அக்கா,” என்றார்.

அந்த ஆவணியிலேயே தீபிகாவுக்கும் இளஞ்செழியனுக்கும் கல்யாணம். பள்ளிபாளையம் பாலத்தில் கார் ஏறும்போது மாதேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டதாக வேலியோரத்துப் பெண்கள் சொன்னார்கள். அவர்கள் அந்தக் காரில் இல்லை என்பது வேறு விஷயம். தீபிகா இப்போது ஈரோட்டில்தான் இருக்கிறாள். பிஸ்கட் விழுந்த டீயை வடிகட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். மேச்சேரி ஈஸ்வர் தைமாதம் கொளத்தூர்ப் பக்கம் பெண்ணெடுத்தான், ஆடுகளும் சௌக்கியம். கோகிலம் டர்பனுக்குத் திரும்பிப் போனார். சாமி விளக்குக்குப் பக்கத்தில் சென்னியப்பன் கடிதம் இருந்த இடத்தில் இப்போது பாவாயி கடிதத்தின் நகல் இருக்கிறதாம்.

போன சித்திரையில் மயிலம்மாளும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ஒரு மாசம். பையில் ஒரே ஒரு நீலச் சேலை, பாவாயியின் சமாதிக்கு. போன நாலாம் நாள் சூரமங்கலம் ஆபீசுக்குப் போன் வந்தது.

“அனிதாக் கண்ணு, சீலை சாத்திட்டனுங்க. சுத்தியும் கரும்புக் காடு. கண்ணுக்கெட்டுன தூரம் கரும்பு. பக்கத்துலயே பெரிய ஆலை, புகை போகுது.”

“சந்தோசந்தானேக்கா?”

கடலுக்கு அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

“அந்த வாசனை இங்க வரவே இல்ல கண்ணு. சமாதிகிட்ட கண்ண மூடிக்கிட்டு வெகு நேரம் நின்னேன். பின்னால யாரும் இல்ல. இங்க அவ இல்லீங்க. எப்பவோ ஊட்டுக்கு வந்துட்டா.”